பழைய காரின் சஸ்பென்ஷன் பழுதுகளும் நிவர்த்தி முறைகளும்

கிராமங்களில் இன்று பல உழவர் இல்லங்களில் பழைய கார் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர், 1983-இல் அறிமுகமாகி 2014-இல் நின்ற மாருதி 800, 2019-இல் நின்ற ஆம்னி வேன் போன்றவை கை மாறிக் கை மாறி, குறைந்த விலையில் நம்மிடம் வந்து சேர்கின்றன. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், விதையும் உரமும் வாங்கி வரவும் இவை உதவுகின்றன.

இவ்வாறு வாங்கப்படும் வண்டிகளில் எஞ்சினைப் பலரும் நன்றாகவே கவனிக்கின்றனர். ஆனால் சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள சஸ்பென்ஷன் அமைப்பை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தால் “ஷாக் அப்சார்பர் போய்விட்டது” என்று எண்ணி அதை மாற்றுகின்றனர். பணம் செலவான பிறகும் சத்தம் நிற்பதில்லை. ஏனெனில் பழுது வேறு இடத்தில் இருக்கிறது.

இதில் உழவர்கள் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதிகம் சத்தம் போடும் பழுது அதிக ஆபத்தானது அல்ல. சத்தமே இல்லாமல் தேய்ந்து வரும் ஒரு பால் ஜாயிண்ட், ஓடும்போது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஆகவே எந்தப் பழுதை இன்றே சீர்செய்ய வேண்டும், எதை அறுவடை முடியும் வரை தள்ளிப் போடலாம் என்று தெரிந்துகொண்டால் உயிருக்கும் பாதுகாப்பு, கைப்பணமும் மிச்சம்.

சஸ்பென்ஷன் எவ்வாறு வேலை செய்கிறது?

நமது பழைய வில்வண்டியை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கட்டை வண்டியில் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் இடிக்கும். வில்வண்டியில் எஃகுப் பட்டைகள் வளைந்து கொடுத்து அந்த இடியை வாங்கிக்கொள்ளும். காரில் உள்ள ஸ்பிரிங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கே. ஷாக் அப்சார்பர் அல்ல.

ஆனால் ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி பலமுறை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் வேலை. கைத்தெளிப்பானை மெதுவாக அமுக்கினால் மருந்து எளிதாக வெளிவருகிறது. வேகமாக அமுக்கினால் நாசிலின் சிறு துளை எதிர்த்துத் தள்ளுகிறது அல்லவா? ஷாக் அப்சார்பரின் உள்ளேயும் எண்ணெய் சிறு துளைகள் வழியாகச் சென்று, வேகமான ஆட்டத்தை எதிர்க்கிறது.

மூன்றாவதாக, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் கரங்களும் மூட்டுகளும் உள்ளன. கரத்தின் ஒரு முனை வண்டியின் உடலோடு ரப்பர் புஷ் வழியாகவும், மறுமுனை சக்கரத்தோடு பால் ஜாயிண்ட் வழியாகவும் இணைகிறது. பால் ஜாயிண்ட் என்பது நமது இடுப்பு மூட்டைப் போன்று, ஒரு கிண்ணத்தில் உருளும் உருண்டை.

எல்லா வண்டியிலும் இவை ஒரே விதமாக அமைந்திருப்பதில்லை. ஆம்னி வேனில் முன்புறம் காயில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ‘ஸ்ட்ரட்’ என்னும் அமைப்பு உள்ளது. பின்புறம் பட்டை ஸ்பிரிங் உள்ளது. அம்பாசடரில் முன்புறம் முறுக்குக் கம்பி ஸ்பிரிங்கும், பின்புறம் பட்டை ஸ்பிரிங்கும் உள்ளன. இனி வரும் விவரங்களில் ஆம்னி போன்ற வண்டியையே பெரிதும் எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு வகையும் இருப்பதால் மற்ற வண்டிகளுக்கும் இது பொருந்தும்.

சத்தத்தையும் அறிகுறிகளையும் கொண்டு பழுதை அறிதல்

வண்டியை மெதுவாக ஓட்டி, கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, சத்தம் எந்தச் சக்கரத்தின் பக்கம் வருகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

1. சிறு கற்கள் மீது ஓடும்போது ‘டக் டக்’ என்ற மெல்லிய தட்டல்: ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம்.

2. பிரேக் பிடிக்கும்போதும் கிளப்பும்போதும் ‘தொம்’ என்று ஓர் இடி: லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். பல சிறு கார்களில் ஸ்டெபிலைசர் பாரே லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்துக்கொள்வதால், அதன் முனைப் புஷ் தேய்ந்தாலும் இதே இடி கேட்கும்.

3. நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவது போன்ற ஒலி: ஸ்ட்ரட்டின் மேல் முனையில் உள்ள தாங்கியோ அதன் பேரிங்கோ பழுது.

4. வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் வண்டி படகு போல் ஆடுதல்: ஷாக் அப்சார்பர் பழுது.

5. பின்புறத்தில் ‘கிறீச்’ என்ற ஒலி: பட்டைகளுக்கு இடையே துரு, அல்லது ஷாக்கிள் புஷ் தேய்வு.

6. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்றல்: ஸ்பிரிங் தளர்ந்துள்ளது, அல்லது பட்டை ஒடிந்துள்ளது.

7. வேகம் கூடக் கூட வளரும் ‘ஊம்’ என்ற இரைச்சல்: இது பெரும்பாலும் சஸ்பென்ஷன் அல்ல, சக்கரப் பேரிங்.

8. முன்சக்கரம் இழுத்துச் செல்லும் கார்களில், வளைவில் கிளப்பும்போது வரும் ‘கட கட கட’ ஒலி: இதுவும் சஸ்பென்ஷன் அல்ல, சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு.

டயரும் ஒரு சாட்சி. டயரில் இடைவிட்டு இடைவிட்டுக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பர் பழுது, அல்லது சக்கரத்தின் சமனெடை கெட்டுள்ளது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வு மாறியுள்ளது. ஸ்பிரிங் தளர்ந்தாலும் புஷ் தேய்ந்தாலும் இது நேரும். கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரத்தின் நேர்க்கோடு தவறியுள்ளது. இரு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

முதலில் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். மற்ற சக்கரங்களுக்குக் கல்லால் முட்டுக் கொடுத்து, வண்டியைத் தூக்கிய பின் உறுதியான இரும்பு ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ வைத்துத் தாங்க வேண்டும். செங்கல்லும் சிமெண்ட் கற்களும் திடீரென்று நொறுங்கும். அவற்றை வைக்கக் கூடாது.

உயரச் சோதனை: கதிரடிக்கும் சிமெண்ட் களம் இதற்கு ஏற்ற இடம். பாரம் ஏதுமின்றி வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் சரியான காற்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே உள்ள தகர விளிம்பு வரை டேப்பால் அளந்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்க ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

அமுக்கும் சோதனை: வண்டியின் ஒரு மூலையைப் பலமாக அமுக்கி விட்டுவிடுங்கள். மேலே எழும்பி, ஓரிரு அசைவில் அடங்கினால் ஷாக் அப்சார்பர் நல்ல நிலையில் உள்ளது. பலமுறை ஆடினால் மாற்ற வேண்டும்.

சக்கர ஆட்டச் சோதனை: இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஆம்னி, மாருதி 800 போன்ற ஸ்ட்ரட் வண்டிகளில், உடலின் அடியில் ஜாக்கிக்கென்று உள்ள இடத்தில் தூக்கி, முன்சக்கரம் தொங்கும்படி செய்யுங்கள். அம்பாசடர் போன்ற முறுக்குக் கம்பி வண்டிகளில் கீழ்க்கரத்தின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டும். அப்போதுதான் மூட்டின் மீதுள்ள பாரம் நீங்கி, அதன் ஆட்டம் கைக்குத் தெரியும்.

பிறகு சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து, உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சக்கரப் பேரிங்கில். பிரேக் பிடித்த பின்னும் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்ட்டோ மற்ற மூட்டுகளோ தேய்ந்துள்ளன. அடுத்து சக்கரத்தின் இடமும் வலமும் பிடித்து அசைத்தால் டை ராடு எண்ட்டின் ஆட்டம் தெரியும். ஒருவர் அசைக்க, மற்றவர் அந்த மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தடச் சோதனை: ஈரமான மண் தரையில் வண்டியை நேராக ஓட்டிச் சென்று இறங்கி, டயர்த் தடங்களைப் பாருங்கள். முன்சக்கரத் தடத்திற்கும் பின்சக்கரத் தடத்திற்கும் உள்ள உறவு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வண்டி நண்டு போல் பக்கவாட்டில் சாய்ந்து ஓடியிருந்தால் பின் ஆக்சில் இடம் பெயர்ந்துள்ளது என்று பொருள்.

ரப்பர் புஷ்கள்

பழைய வண்டிகளில் வரும் சத்தங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் விலை குறைந்த இந்த ரப்பர் துண்டுகளே. வெயிலாலும் வயதாலும் ரப்பர் இறுகி வெடிக்கிறது. உள்ளிருக்கும் இரும்பு இரும்போடு மோதுகிறது. டயர் லீவரால் மெல்ல நெம்பிப் பார்த்தால் வெடிப்பும் இடைவெளியும் தெரியும்.

புதிய புஷ் போடும்போது மெக்கானிக்கிடம் ஒரு செய்தியைச் சொல்ல மறவாதீர்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் முழுவதும் இறுக்கக் கூடாது. கையளவு இறுக்கி, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் வந்த பின்பே கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துவிடும். “புதிய புஷ் சில மாதத்தில் போய்விட்டது” என்று உதிரிபாகக் கடைக்காரரைக் குறை கூறுவோர் பலருக்கு இதுவே காரணம்.

மேலும், துரு பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் டீசலும் கழிவு எண்ணெயும் அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உள்ளது. டீசலும் எண்ணெயும் ரப்பரை ஊத வைத்துக் கெடுத்துவிடும். பிரேக்கில் பட்டால் பிரேக் பிடிக்காது. இப்பழக்கத்தைக் கைவிடுவது நலம்.

பால் ஜாயிண்ட்டும் டை ராடு எண்ட்டும்

இவ்விரண்டிலும் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கவனிக்க வேண்டும். உறை கிழிந்தால் உள்ளே உள்ள கிரீஸ் வெளியேறி, வயல்வழிச் சேறும் மணலும் புகுந்துவிடும். அதன் பின் மூட்டு உரலில் மணல் போட்டு அரைத்தது போல் தேயும். உறை கிழிந்ததைத் தொடக்கத்திலேயே கண்டு மாற்றினால் மூட்டு பிழைக்கும்.

மேலே கூறிய சோதனையில் கைக்கு ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட்டை மாற்ற வேண்டும். “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்ற பேச்சு இதில் கூடாது. தேய்ந்த உருண்டை கிண்ணத்திலிருந்து கழன்றால் சக்கரம் வெளிப்புறம் மடங்கும். ஸ்டியரிங் பயனற்றுப் போகும். டை ராடு எண்ட் கழன்றால் ஒரு சக்கரம் தன் போக்கில் திரும்பிவிடும். வெல்டிங் வைத்தோ, சுத்தியலால் கிண்ணத்தைத் தட்டி இறுக்கியோ மூட்டைச் சரிசெய்ய எவரேனும் முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புதிய மூட்டு போடும்போது அதைப் பூட்டும் பின்னையும் புதிதாகவே போட வேண்டும். பழைய பின்னை நிமிர்த்திப் போட்டால் அது ஒடிந்துவிடலாம்.

கிரீஸ் நிப்பிள் உள்ள பழைய வண்டிகளில், பழைய கிரீஸும் அழுக்கும் வெளிவரும் வரை புதுக் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்கும் முன் நிப்பிளைத் துணியால் துடைக்கத் தவறினால் மணலையும் சேர்த்தே உள்ளே தள்ளுகிறோம்.

ஷாக் அப்சார்பரும் ஸ்ட்ரட்டும்

ஷாக் அப்சார்பரின் மேல் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து தூசி ஒட்டிக் கட்டியாகி இருந்தால் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல், ஒரே ஆக்சிலில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உழவு மாடுகளில் ஒன்று இளங்காளையும் மற்றது கிழமாடுமாக இருந்தால் நுகம் கோணுவது போல, ஒன்று புதிதும் மற்றது பழையதுமானால் வண்டி நேராக நிற்காது. கடையில் வெகுநாள் படுக்கையில் கிடந்த புதிய ஷாக் அப்சார்பரைப் பொருத்துமுன், நிமிர்த்தி வைத்துச் சிலமுறை இழுத்து அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிச் சீராக வேலை செய்யும்.

ஸ்ட்ரட்டைப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யவே கூடாது. அதன் உச்சியில் நடுவில் உள்ள நட்டு, அமுக்கிய நிலையில் உள்ள ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி மாட்டாமல் அந்த நட்டைக் கழற்றினால், ஸ்பிரிங் வெடித்துக் கிளம்பி முகத்தையோ மார்பையோ தாக்கும். கயிற்றாலோ கம்பியாலோ கட்டி வைத்துக் கழற்றுவதும் அதே அளவு ஆபத்தானது. சரியான கருவி உள்ள பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள்.

பட்டை ஸ்பிரிங்

ஆம்னி, அம்பாசடர், ஜீப் ஆகியவற்றின் பின்புறத்தில் இருப்பது இதுவே. கீழ்க்கண்ட நான்கையும் பாருங்கள்.

ஒடிந்த பட்டை: கம்பித் தூரிகையால் சேற்றைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் பாருங்கள். துருக்கோடு போல் தெரிவது வெடிப்பாக இருக்கலாம். ஸ்பிரிங் எஃகு பதமேற்றப்பட்டது. அதை வெல்டிங் செய்தால் சூட்டில் பதம் கெட்டு, பற்றவைத்த இடத்தின் அருகிலேயே மீண்டும் ஒடியும். புதிய பட்டையே போட வேண்டும்.

சென்டர் போல்ட்: பட்டைகளை ஒன்றாகக் கோத்து, ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துவது இதுவே. இது அறுந்தால் ஆக்சில் நகர்ந்து, வண்டி நண்டு நடை போடும். மேலே கூறிய தடச் சோதனையில் இது தெரிந்துவிடும்.

யூ போல்ட்: பட்டை வேலை செய்த பின் நான்கு நட்டுகளையும் மாற்றி மாற்றிச் சமமாக இறுக்க வேண்டும். சுமார் 500 கிலோமீட்டர் ஓடிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்குவது மிக அவசியம். புதிய பட்டைகள் படிந்ததும் நட்டுகள் தளர்வது இயல்பு. இதை மறப்பதால்தான் சென்டர் போல்ட் அறுகிறது.

ஷாக்கிள் புஷ்: பட்டையின் முனையில் உள்ள இப்புஷ்கள் தேய்ந்தால் பின்புறம் பக்கவாட்டில் அசையும். விலை குறைவு, இரு பக்கமும் சேர்த்து மாற்றலாம்.

தளர்ந்த பட்டையை அடித்து வளைத்துக் கொடுப்பது வழக்கத்தில் உள்ளது. முறையாகப் பதமேற்றாமல் வளைத்த பட்டை நெடுநாள் நிற்காது. பாரம் ஏற்ற வேண்டும் என்று கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்போரும் உண்டு. பட்டை கூடியதால் ஸ்பிரிங் மட்டுமே பலப்படுகிறது. பிரேக், ஆக்சில், பேரிங், டயர் ஆகியவை பழைய பலத்திலேயே உள்ளன என்பதை மறக்கக் கூடாது. ஒரு கணக்குப் பாருங்கள். பெரியவர்கள் 5 பேர் ஏறினால் சுமார் 340 கிலோ. 50 கிலோ உர மூட்டை 10 ஏற்றினால் 500 கிலோ. ஆட்களை ஏற்றவென்று செய்த வண்டியில் மூட்டை அடுக்குவது, முதலில் பட்டையையும் பிறகு நம்மையும் ஒடிக்கும்.

துருவும் உரமும்

கடற்கரை மாவட்டங்களில் உப்புக் காற்றால் அடித்தகடு துருப்பிடிக்கிறது. உள்நாட்டிலும் உர மூட்டை ஏற்றும் வண்டிகளில் இதே கேடு உண்டு. சிந்திய உரம் ஈரத்தை இழுத்து, தகட்டையும் போல்ட்டையும் அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே வண்டியின் தரையைக் கூட்டி, தண்ணீரால் கழுவி, உலரவிட வேண்டும்.

ஸ்ட்ரட்டின் உச்சி பொருந்தும் இடத்தையும், பட்டை ஸ்பிரிங்கின் முனை தொங்கும் இடத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உள்ளே போனாலோ பொடியாக உதிர்ந்தாலோ, எத்தனை புதிய பாகம் போட்டும் பயனில்லை. அத்தகைய வண்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

எதை முதலில் செய்வது?

மெக்கானிக் நீண்ட பட்டியல் கொடுத்து, கையில் பணம் குறைவாக இருக்கும்போது கீழ்க்கண்ட வரிசையைப் பின்பற்றுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை. செய்யும் வரை வண்டியை எடுக்கக் கூடாது: ஆட்டம் கண்ட பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட், சக்கரப் பேரிங். ஒடிந்த பட்டை அல்லது காயில். அறுந்த சென்டர் போல்ட், தளர்ந்த யூ போல்ட். துருவேறி இற்ற தாங்கிடங்கள்.

ஒரு மாதத்திற்குள் செய்ய வேண்டியவை. அதுவரை மெதுவாகவும் குறைந்த பாரத்துடனும் ஓட்டலாம்: எண்ணெய் வழியும் ஷாக் அப்சார்பர், வெடித்த லோயர் ஆர்ம் புஷ், கிழிந்த மூட்டு உறை, ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி.

வசதிப்படும்போது செய்யத்தக்கவை: ஸ்டெபிலைசர் பாரின் நடுப் புஷ், பட்டைகளின் கிறீச்சொலி, சிறிதளவு தளர்ந்த ஸ்பிரிங்.

மூன்றாம் வகைதான் பெரும்பாலும் காதைத் துளைக்கும். முதல் வகையில் பல சத்தமின்றி இருக்கும். ஆகவே காதை மட்டும் நம்பாமல் கையால் அசைத்துப் பார்ப்பது இன்றியமையாதது.

முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ஸ்ட்ரட் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். மூட்டுகளில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் பார்ப்பது வீண். அடுத்த பள்ளத்தில் அது மாறிவிடும்.

பழைய கார் வாங்கும்போது

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே 13, 14 ஆண்டு ஆன வண்டியின் விலை குறைவாகத் தெரிந்தாலும், புதுப்பிக்கும்போது ஆகும் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பார்க்கச் செல்லும்போது பகல் வேளையில், கழுவாத வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். டேப்பும் ஜாக்கியும் கையில் இருக்கட்டும். உயரம், அமுக்கும் சோதனை, சக்கர ஆட்டம், டயர்த் தேய்வு, துரு ஆகிய ஐந்தையும் பார்க்க அரை மணி நேரம் போதும். நான்கு டயரும் புத்தம் புதிதாக இருந்தால் மகிழ்ந்துவிடாமல், பழைய டயர் ஏன் தேய்ந்தது என்று கேளுங்கள். கரடுமுரடான வண்டிப்பாதையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பராமரிப்பு முறை

மாதம் ஒருமுறை: டயர்க் காற்று, டயர்த் தேய்வு, எண்ணெய்க் கசிவு பார்க்கவும்.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை, குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும்: அடிப்பகுதியைத் தண்ணீரால் கழுவிச் சேற்றை நீக்கவும், சக்கர ஆட்டம், மூட்டு உறைகள், யூ போல்ட், பட்டைகள் ஆகியவற்றைச் சோதிக்கவும், நிப்பிள் உள்ள இடங்களுக்குக் கிரீஸ் அடிக்கவும்.

ஆண்டுக்கு ஒருமுறை: வீல் அலைன்மெண்ட் பார்த்து, டயர்களை இடம் மாற்றிப் போடவும்.

மாற்றிய பாகம், மாற்றிய தேதி, கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எது தேய்ந்தது என்று ஒருமுறை கண்ணால் கண்டவர் அடுத்த முறை ஏமாறமாட்டார்.

உழவுக்கு முன் ஏரையும் கொழுவையும் பார்த்துக்கொள்ளும் நாம், குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியின் அடியையும் ஆண்டுக்கு இருமுறையேனும் குனிந்து பார்க்க வேண்டும். அடுத்த முறை வெளியூர்ப் பயணம் புறப்படுமுன், நான்கு சக்கரங்களையும் ஒருமுறை தூக்கி அசைத்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை அது. கிளம்பிய அனைவரும் நலமாகத் திரும்பி வர அது உதவும்.